குமிழ் வைத்த அடுப்பு

உலகத்தில் யாராவது அடுப்பு வாங்குவதற்கு முன்னால் அடுப்புக்கு ஓட்டை போடுவார்களா? ஊசியின் அண்ணன் போட்டார். சமையலறை மேடைக்குப் புதிதாகக் கருப்புக் கல் பதித்து, அதன் நட்டநடுவில் மெஷின் வைத்து அறுத்து, விளிம்பை வழவழவென்று தேய்த்து, நீளமாக ஒரு ஓட்டை. "இப்பல்லாம் மேடைக்கு மேல அடுப்பு வைக்கிறது பழைய ஸ்டைல். மேடைக்குள்ள பதிக்கிறதுதான் அழகு. இந்த அளவுக்கு ஏத்த மாதிரி ஒண்ணு பார்த்து வாங்கிக்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்த சைட்டுக்குக் கிளம்பிவிட்டார். கல்யாணம் நிச்சயமாகும் முன்பே தொட்டிலுக்கு அளவெடுக்கிற ஆளை ஊசி அன்றுதான் நேரில் பார்த்தாள்.

ஊசி என்பது அவள் பெயர் அல்ல. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிற வேலை. நரம்பே தெரியாத கையைக்கூட அவள் இரண்டாவது தடவை குத்தமாட்டாள். அதற்காகக் கூட வேலை செய்பவர்கள் வைத்த பட்டம் அது. அவளிடம் வாய் கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள் அந்தப் பட்டத்துக்கு வேறு காரணம் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான்.

அண்ணன் கட்டட காண்ட்ராக்டர். கொடுக்கிற மனசு உண்டு, கேட்கிற காது கிடையாது. ஊசியும் கணவரும் மகளை வெளியூர்க் கல்லூரி விடுதியில் சேர்த்துவிட்டு வரப் போயிருந்தார்கள். போகும்போது, "பாத்திரம் கழுவுற தொட்டிக்கு அடியில தண்ணி ஒழுகுதுண்ணே, யாரையாவது அனுப்பிப் பாருங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனதுதான் அவள் செய்த தப்பு. திரும்பி வந்தபோது ஒழுகல் நின்றிருந்தது. கூடவே மேடை மாறியிருந்தது, அலமாரிக் கதவுகள் மாறியிருந்தன, பழைய அடுப்பு பழைய இரும்புக்காரனிடம் போய்ச் சேர்ந்திருந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

மேடையும் கதவும் போகட்டும். அந்த அடுப்பைப் போட்டதைத்தான் ஊசியால் தாங்க முடியவில்லை. ஏனென்றால் அது அவளுடைய அடுப்பு அல்ல. அவள் கணவருடையது.

கணவர் ஒரு காலத்தில் கட்டட வரைபடம் போடுகிற அலுவலகத்தில் வேலை பார்த்தவர். கோடு கிழித்தால் முடி பிளந்தாற்போல் இருக்கும் என்பார்கள். அப்புறம் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கத் தொடங்கியது. டாக்டர் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் சொன்னார், மருந்து எதுவும் சொல்லவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் போய், இப்போது வெளிச்சம் எந்தப் பக்கம், இருட்டு எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரியும். வேலையை விட்ட புதிதில் கூடத்து ஓர நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். காலையில் ஊசி வேலைக்குக் கிளம்பும்போது எப்படி உட்கார்ந்திருந்தாரோ அப்படியே சாயங்காலமும் உட்கார்ந்திருப்பார். பேச்சு கிடையாது. கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பார்.

அவரை அந்த நாற்காலியிலிருந்து எழுப்பியது ஊசியின் சமையல்தான். அவ்வளவு மோசம். ஒன்று பொங்கி வழியும், இல்லாவிட்டால் அடிப்பிடிக்கும். ஒரு நாள் பருப்பு தீய்ந்த வாசம் பொறுக்காமல், சுவரைத் தடவிக்கொண்டே சமையலறைக்குள் வந்து, "தள்ளு" என்றார். அன்றைக்குத் தள்ளி நின்றவள்தான், அப்புறம் அடுப்புப் பக்கம் போகவில்லை. பழைய அடுப்பின் குமிழ்களில் அரத்தால் பள்ளம் போட்டு வைத்தார். பெரிய தீ எங்கே, சின்னத் தீ எங்கே என்று விரல் சொல்லிவிடும். எண்ணெய் காய்ந்ததா என்பது காதுக்குத் தெரியும், வெங்காயம் சிவந்ததா என்பது மூக்குக்குத் தெரியும். ஊசி வேலை முடிந்து வரும்போது மேடை துடைத்து, சாப்பாடு மூடி வைத்து, கொஞ்சம் கர்வமாகவே உட்கார்ந்திருப்பார். அந்தக் கர்வம் அவளுக்குப் பிடிக்கும்.

ஆகவே அந்த ஓட்டையில் தப்பான அடுப்பு வந்து உட்கார்ந்தால் அவர் மறுபடி அந்த நாற்காலிக்குப் போய்விடுவார். ஊசியின் பயம் அது ஒன்றுதான். மற்ற எல்லோருக்கும் அது வெறும் அடுப்பு.

முதலில் போனது பெரிய ஷோரூம். உள்ளே நுழைந்ததுமே ஒரு விற்பனைக்காரன் பற்களெல்லாம் தெரிய வந்து பிடித்துக்கொண்டான். கண்ணாடி மேல் கண்ணாடியாக அடுக்கியிருந்த அடுப்புகளில் விலை கூடியதிலிருந்து தொடங்கினான்.

"இதைப் பாருங்க சார், இண்டக்ஷன். தீ கிடையாது, புகை கிடையாது. மேல ஒரு கோடு இருக்கா? விரலை வெச்சு இழுத்தா சூடு ஏறும், இறங்கும்."

கணவர் கையை நீட்டிக் கண்ணாடியைத் தடவினார். "பட்டன் எங்கப்பா?"

"பட்டனே இல்ல சார்! அதுதான் இதோட ஸ்பெஷாலிட்டி!"

அவர் தடவத் தடவ அடுப்பு கீக் கீக் என்று கத்தியது. ஏற்றினாலும் அதே கீக், இறக்கினாலும் அதே கீக். அவர் விரல் எதைத் தொட்டதென்று அவருக்கும் தெரியவில்லை, அடுப்புக்கும் தெரியவில்லை. அப்போதுதான் விற்பனைக்காரன் அவர் கண்களைச் சரியாகப் பார்த்தான். பார்த்த அந்த நிமிடத்திலிருந்து அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டான்.

"மேடம், சாருக்கு எப்பலேர்ந்து இப்படி?"

"அடுப்பைப் பத்திச் சொல்லு தம்பி."

அடுத்து கண்ணாடிக்கு அடியில் கம்பி சிவந்து எரிகிற மின்சார அடுப்பு. எந்தப் பாத்திரமும் வைக்கலாம், ஆனால் அணைத்த பிறகும் வெகுநேரம் கொதித்துக்கொண்டே இருக்குமாம். "அதுக்காகத்தான் மேடம் சிவப்பு லைட் எரியும், யாரும் கை வெச்சிரக் கூடாதுன்னு" என்றான். யாரிடம் எதைச் சொல்கிறோம் என்ற யோசனை கொஞ்சம்கூட இல்லாத வாய். கடைசியில் கண்ணாடி மேல் பதித்த கேஸ் அடுப்பு. அதில் குமிழ் இருந்தது. ஆனால் உருண்டையாக, மொழுமொழுவென்று, எந்தப் பக்கம் திருகி நிற்கிறது என்று கைக்குத் தெரியாத அலங்காரக் குமிழ். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி?

"மேடம், சார் எதுக்கு சிரமப்படணும்? சார் உக்காரட்டும். நாம பார்த்து முடிச்சிடலாம்" என்று விற்பனைக்காரன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

நாற்காலியைக் கண்டதும் ஊசிக்கு எங்கிருந்துதான் அவ்வளவு வந்ததோ. "சமைக்கிறது அவரு! அவருகிட்ட பேசு! கண்ணுதான் தெரியாது, காது உனக்கும் எனக்கும் சேர்த்துக் கேக்கும்!" கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கேஷ் கவுண்டரில் இருந்த பெண் எழுந்தே நின்றுவிட்டாள். ஊசி கணவரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

தெருவில் வந்து நின்ற பிறகும் அவளுக்கு மூச்சு அடங்கவில்லை. அவர் ஏதாவது சொல்வார் என்று பார்த்தாள். "வெயில் ஜாஸ்தியா இருக்கு" என்றார். அவ்வளவுதான். விற்பனைக்காரனை விட அந்த வார்த்தைதான் அவளுக்கு அதிக எரிச்சலைக் கிளப்பியது.

அன்று சாயங்காலம் வீட்டில் மகாநாடு. அண்ணன் ஓட்டையின் அளவை டேப் வைத்து மறுபடி அளந்துகொண்டே பேசினார். மகள் விடுதியிலிருந்து போனில் முகம் காட்டினாள். கணவர் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்.

"இண்டக்ஷன்தான்மா சேஃப்டி. அப்பா தனியா இருக்கறப்ப நெருப்பு எதுக்கு?" என்றாள் மகள்.

"அதைத்தான் நானும் சொல்றேன். மாப்பிள்ளைக்கு நெருப்பு வேண்டாம். நான் சொல்றதைக் கேட்டா சமையலே வேண்டாம். என் சைட்டுல சமைக்கிற அம்மா ஒருத்தங்க இருக்காங்க, தங்கமான கை. காலையில வந்து செஞ்சு வெச்சிட்டுப் போயிடுவாங்க. மாப்பிள்ளை நிம்மதியா ரேடியோ கேட்டுக்கிட்டு உக்காரலாம்" என்றார் அண்ணன்.

"உக்காருங்க உக்காருங்கன்னு ஆளாளுக்கு ஏன்ணே அவரை உக்கார வைக்கறீங்க? அவருக்குப் பழகினது கேஸ் அடுப்பு. கேஸ் அடுப்புதான் வாங்கணும். திருகறதுக்கு நல்ல இரும்பு நாப் வெச்சது. தீ அணைஞ்சா தானா கேஸ் நிக்கிற மாதிரி இப்ப வருது. உங்க ஓட்டைக்குப் பொருந்தலைன்னா ஓட்டையைத் தூக்கி உங்க தலையில போட்டுக்குங்க."

"உனக்கு நீ பிடிச்ச முயலுக்கு மூணு கால்!"

"உங்க முயலுக்குக் காலே கிடையாது, ஓட்டை மட்டும்தான் இருக்கு!"

போனுக்குள் மகள் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக மன்னிப்பும் கேட்டாள். கணவர் பட்டாணித் தோலைத் தனியாகவும் பட்டாணியைத் தனியாகவும் ஒதுக்கிக்கொண்டிருந்தார். "நீங்க சொல்லுங்களேன்" என்று ஊசி அவர் பக்கம் திரும்பினாள். அவர் வாயைத் திறப்பதற்குள், "அவர் என்ன சொல்லப் போறார், கேஸ்தான் சொல்லுவார். எனக்குத் தெரியாதா அவர் மனசு" என்று அவளே சொல்லி முடித்தாள். அவர் அடுத்த பட்டாணியை எடுத்தார்.

ஒரு விஷயத்தை அவள் யாருக்கும் சொல்லவில்லை. சில வாரங்களுக்கு முன்னால், நல்ல கோடையில், கணவர் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு நடமாடினார். அதற்கு முன் போட்டிருந்த சட்டையைத் துவைக்க எடுத்தபோது கை ஓரம் கருகியிருந்தது. பிடித்து உட்கார வைத்துக் கையைத் தூக்கிப் பார்த்தால், முழங்கைக்குக் கீழே நீளமாகக் கொப்புளம். "சட்டி பட்டுது" என்றார். சட்டி பட்டால் சட்டை கருகாது என்று ரத்தம் எடுக்கிறவளுக்குத் தெரியாதா? களிம்பு தடவினாள், அண்ணன் காதுக்குப் போகாமல் மறைத்தாள். போனால் அந்தத் தங்கமான கை அம்மா மறுநாளே வாசலில் வந்து நிற்பாள். அதற்கப்புறம் தினமும் அவர் அடுப்பு பற்றவைக்கிற நேரம் வந்தால் ஊசிக்கு மனசு வீட்டுக்குப் போய்விடும். கை மட்டும் நிலையத்தில் இருந்து யார் நரம்பையோ தேடிக்கொண்டிருக்கும். அவளுக்கும் நெருப்பென்றால் பயம்தான். அந்தப் பயத்தை விழுங்கிக்கொண்டுதான் கேஸ் கேஸ் என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

கத்தி என்ன பிரயோஜனம்? இரண்டு நாள் கழித்து அவள் வேலைக்குப் போயிருந்தபோது அண்ணன் வந்து, ஓட்டைக்கு அச்சாகப் பொருந்துகிற ஒரு தொடுகிற இண்டக்ஷனைப் பதித்துவிட்டுப் போய்விட்டார். விற்பனைக்காரன் காட்டிய அதே சாதி. பழைய அலுமினியப் பாத்திரம் எதையும் அது ஏற்றுக்கொள்ளாது என்று அடியில் இரும்பு வைத்த பாத்திரங்களாகப் பார்த்து ஒரு பெட்டி நிறைய வாங்கி வைத்திருந்தார். "பணத்தைப் பத்தி நினைக்காதே, அண்ணன் குடுத்ததா இருக்கட்டும்" என்று போனில் சொன்னார். திட்டுவதற்கு வாயெடுத்தவள் பாதியில் நிறுத்தினாள். அன்பாகக் கழுத்தை நெரிக்கிறவரை என்ன சொல்லித் திட்டுவது?

மகள் விடவில்லை. சின்னச் சின்ன ரப்பர் பொட்டுகளைத் தபாலில் அனுப்பினாள். "பட்டன் இருக்கற இடத்துல ஒட்டுங்கம்மா, அப்பா தடவிக் கண்டுபிடிச்சிடுவார்." ஊசி கண்ணாடியின் மேல் மூக்கு இடிக்கக் குனிந்து ஒவ்வொன்றாக ஒட்டினாள். கணவர் பொட்டைத் தேடி விரலை வைத்தார். கீக். இன்னொரு பொட்டைத் தேடினார். கீக் கீக். தேடுகிற விரல் போகிற வழியிலேயே அடுப்பை ஏற்றி, இறக்கி, அணைத்து, கடைசியில் குழந்தைகள் தொடாமல் இருப்பதற்கான பூட்டையும் போட்டுவிட்டது. கண்ணால் பார்த்துவிட்டுத் தொடுகிறவர்களுக்காகச் செய்த சாமான், தொட்டுப் பார்க்கிறவருக்கு எப்படி ஆகும்? இதைச் சொன்னால் மகள் "கொஞ்ச நாள் பழகினா சரியாயிடும்மா" என்றாள். படிப்பு வேறு, புத்தி வேறு என்று ஊசி மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். பெற்ற பெண்ணாயிற்றே என்று வெளியில் சொல்லவில்லை.

அந்த வாரம் ஒரு நாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாள். சமையலறையில் வெங்காயம் பொடிப்பொடியாக நறுக்கி ஒரு கிண்ணத்தில் இருந்தது. தக்காளி இன்னொரு கிண்ணத்தில். பூண்டு உரித்து வைத்திருந்தது. அரிசி கழுவி, அளவாகத் தண்ணீர் ஊற்றி, பாத்திரத்தோடு அடுப்பின் மேல் ஏற்றி வைத்திருந்தது. அடுப்பு எரியவில்லை. கணவர் கூடத்தில் இருந்தார். அந்த நாற்காலியில், சுவரைப் பார்த்து.

"வந்துட்டியா? கொஞ்சம் அடுப்பைப் போட்டு விடறியா?" என்றார்.

மத்தியானத்திலிருந்து காத்திருக்கிறார். ஊசி பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்ற இடத்திலேயே நின்றாள். அழுகையா ஆத்திரமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அண்ணன் மேல் கோபம், மகள் மேல் கோபம், கண்ணாடியைக் கண்டுபிடித்தவன் மேல் கோபம். எல்லாவற்றையும் விட, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் வெங்காயம் நறுக்கி வைத்துக் காத்திருக்கிற இந்த மனுஷன் மேல் கோபம்.

"நாளைக்கு நான் லீவு. கிளம்பி நில்லுங்க" என்றாள்.

மறுநாள் போனது ஓட்டல்களுக்குச் சாமான் விற்கிற தெரு. அங்கே அழகுக்கு வேலையில்லை, எல்லாம் கனமான இரும்பும் எஃகும்தான். குமிழ் என்றால் கைப்பிடி போல இருக்கும். ஊசிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒரு கடையில் இரட்டை பர்னர் கேஸ் அடுப்பு ஒன்றை அவளே தேர்ந்தெடுத்தாள். கடைக்காரம்மா போனில் யாரையோ திட்டிக்கொண்டே, ஒரு சிலிண்டரில் மாட்டியிருந்த அதே மாதிரி அடுப்பைக் காட்டி, "பத்தவெச்சுப் பாருங்க" என்று சைகை செய்தார்.

"வாங்க, கையை வையுங்க. எப்படி இருக்கு பாருங்க நாப், கல்லு மாதிரி" என்று கணவரின் கையை எடுத்துக் குமிழின் மேல் வைத்தாள். அவர் திருகினார். ஓட்டல் அடுப்பில்லையா, குப்பென்று பிடித்தது.

அவர் பின்னால் நகர்ந்தார். ஒரு அடிதான். ஆனால் சூடு பட்ட கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நகர்ந்தார். பின்னாலிருந்த குண்டான் அடுக்கில் முதுகு இடித்து, மேலே இருந்த மூடி ஒன்று உருண்டு விழுந்து, சுழன்று சுழன்று சத்தம் போட்டு அடங்கியது.

ஊசி குமிழைத் திருப்பி அணைத்தாள்.

கடைக்காரம்மா போனை வைத்துவிட்டு வந்தார். ஊசியைப் பார்த்து, "என்னம்மா, சாருக்கு என்ன மாதிரி வேணும்?" என்று கேட்டார்.

ஊசி வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டு கணவர் பக்கம் திரும்பினாள். யாரோ தெருவில் ஆட்டோவை ஸ்டார்ட் செய்ய முயன்றுகொண்டிருந்தான். அப்படி வாயை மூடிக்கொண்டு நிற்பதைப் போலக் கஷ்டமான காரியத்தை அவள் வாழ்நாளில் செய்ததில்லை.

"தீ இல்லாம, ஆனா திருகுற மாதிரி நாப் வெச்சது இருக்கா?" என்று கணவர் கேட்டார்.

"இருக்கே. டீக்கடைக்காரங்க வாங்குவாங்க. இண்டக்ஷன்தான், ஆனா கண்ணாடியைத் தடவற வேலையெல்லாம் இல்ல" என்று கடைக்காரம்மா ஒரு பெட்டியைப் பிரித்து மேசையில் வைத்தார். எஃகுச் சட்டம், நடுவில் தடித்த கண்ணாடி, முன்பக்கம் ஒரே ஒரு குமிழ். கணவர் விரல்களால் அதன் ஓரமெல்லாம் போய்ப் பார்த்தார். குமிழில் தூக்கலாக ஒரு கோடு இருந்தது. திருகினார். டக். டக். டக். ஒவ்வொரு சூட்டுக்கும் ஒரு தடங்கல், ஒரு சத்தம். திருப்பிக்கொண்டு வந்தார். கடைசியில் கொஞ்சம் அழுத்தமாக ஒரு டக், அணைந்தது. தண்ணீர் ஊற்றின பாத்திரம் ஒன்றைக் கேட்டு வாங்கி மேலே வைத்து, ஏற்றி, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நின்றார். தண்ணீர் முணுமுணுக்க ஆரம்பித்ததும் பாத்திரத்தைத் தூக்கினார். அடுப்பு தானாக நின்றது. மறுபடி வைத்தார், மறுபடி பிடித்தது. முகத்தில் ஏதோ இளகியது.

"ஒண்ணுதான் அடுப்பு இருக்கு" என்றார்.

"ரெண்டா வாங்கிப் பக்கத்துல பக்கத்துல வெச்சுக்கலாம் சார்."

"அப்ப ரெண்டு குடுங்க. பதிக்க வேண்டாம், மேடை மேலயே வெச்சுக்கறேன். ஓட்டையை மச்சான் வந்து மூடிக் குடுப்பார்."

ஊசிக்கு அப்போதுதான் குரல் திரும்பியது. "நெருப்புன்னா உங்களுக்குப் பயமா இருக்கா?"

"இருக்காதா? கை வெந்தது எனக்குத்தானே."

"அப்ப இத்தனை நாள் நான் கேஸ் கேஸ்னு கத்தினப்ப வாயில என்ன வெச்சிருந்தீங்க? எங்க அண்ணன் கிட்ட, பெத்த பொண்ணு கிட்ட, ஷோரூம்காரன் கிட்ட, ஊர் உலகம் பூரா உங்களுக்காகச் சண்டை போட்டேனே! வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

"எங்க சொல்ல விட்ட? 'அவர் மனசு எனக்குத் தெரியாதா'ன்ன. நீயும்தான் என்னைக் கேக்கல."

கடைக்காரம்மா, பில் போடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டார்.

"எல்லாரும் கேக்கல. அவங்க கேக்காததை விட நீ கேக்காததுதான் எனக்குக் கோவம். எனக்கும் கோவம் வரும், தெரியுமா உனக்கு? கண்ணுதான் போச்சு. வாய் அப்படியேதான் இருக்கு" என்றார் கணவர். குரல் உயரவில்லை. ஆனால் குமிழைப் பட்டென்று திருகி அணைத்தார்.

ஊசி அந்தக் கடையில், குண்டான்களுக்கு நடுவில் நின்று அழுதாள். அழுதபடியே, "சரி, பேசுங்க. இனிமேயாவது பேசுங்க" என்றாள்.

சொன்ன வாய்க்குச் சர்க்கரை போட வேண்டுமா, அடி போட வேண்டுமா? திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் பேசினார். மடியில் ஒரு பெட்டி அவருக்கு, ஒரு பெட்டி அவளுக்கு. ஏறி உட்கார்ந்ததிலிருந்து ஆரம்பித்தார். தன் அடுப்பைத் தன்னைக் கேட்காமல் இரும்புக்கடையில் போட்ட மச்சானைப் பற்றி. பொட்டு அனுப்பின மகளைப் பற்றி. தெருவில் போகும்போது ஊசி கையைப் பிடித்து நடத்தாமல் இழுத்துக்கொண்டு போவதைப் பற்றி. உப்பு டப்பாவை எடுத்தால் எடுத்த இடத்தில் வைக்கிற பழக்கம் அவளுக்குப் பிறவியிலேயே இல்லாததைப் பற்றி. "கடையில நீ கத்தறப்ப எல்லாரும் உன்னையா பாக்கறாங்க? என்னைத்தான் பாக்கறாங்க. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?" முன் சீட்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஊசிக்கு ஒவ்வொன்றுக்கும் பதில் இருந்தது, நல்ல காரமான பதில். பல்லைக் கடித்துக்கொண்டு பெட்டியைக் கட்டிப் பிடித்திருந்தாள்.

"அப்புறம் கத்திரிக்காய். எனக்குக் கத்திரிக்காய் பிடிக்காது."

"என்னது?"

"பிடிக்காது. கல்யாணம் ஆன நாள்லேர்ந்தே பிடிக்காது. உனக்குப் பிடிக்கும்னு வாரத்துக்கு மூணு தடவை செஞ்சேன். தொண்டையில இறங்காது. தண்ணி குடிச்சு முழுங்குவேன்."

ஊசிக்கு இது எல்லாவற்றையும் மிஞ்சிவிட்டது. இந்த மனுஷனைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டுப் போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பிறகு, "சரி, உங்களுக்கு என்னதான் பிடிக்கும்?" என்று கேட்டாள். மகளுக்கே கல்லூரிக்குப் போகிற வயசாகிவிட்டது. இந்தக் கேள்வியை அவள் அவரிடம் கேட்பது இதுதான் முதல் தடவை.

கணவர் உடனே பதில் சொல்வதற்கு வாயைத் திறந்தார். மூடினார். பெட்டியின் மேல் விரலால் தட்டிக்கொண்டே ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"இரு, யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

இறங்க வேண்டிய இடம் வந்தபோதும் அவர் யோசித்துக்கொண்டுதான் இருந்தார்.